வானிலிருந்து இறங்கிய நடுகற்கள்

ஜப்பானுக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்கள் கியோட்டோவின் கோயில்களையும் ஃபுஜி மலையையும் ஹிரோஷிமாவின் நினைவுப் பூங்காவையும் கண்டு திரும்புவது வழக்கம். தமிழ் கற்பிப்போர் இருவர், வரலாறு கற்பிப்பவர் ஒருவர் என நாங்கள் மூவர் அந்நாட்டுக்குச் சென்றபோது, இவற்றோடு வேறொரு வரிசையையும் எங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டோம். இரண்டாம் உலகப் போரில் அந்நாடு பறக்கவிட்ட போர்விமானங்களுள் எஞ்சியவை வைக்கப்பட்டிருக்கும் இடங்களின் வரிசை அது. இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இரும்புப் பறவைகளிடம் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்டார்கள். அக்கேள்விக்கு விடைகூறும் முயற்சியாகவும் இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

நடுகல்லை நாம் அறிவோம். ஆநிரை மீட்கும் பூசலில் விழுந்த வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் செயலையும் அதில் பொறித்து, பீலி சூட்டி, படையல் வைத்து வழிபட்டது நம் மரபு. செங்கத்திலும் தருமபுரியிலும் அத்தகைய கற்களை இன்றும் காணலாம். நடுகல்லுக்கு ஓர் இயல்பு உண்டு. அது தன் வீரனைப் பற்றி மட்டுமே பேசும். எதிர்ப்பக்கத்தில் விழுந்தவன் யார், அவனுக்காக அழுதவர் எவர் என்பதையெல்லாம் அது சொல்வதில்லை. அருங்காட்சியகத்தில் நிற்கும் போர்விமானமும் இத்தகைய நடுகல்லே என்பது எங்கள் கருத்து. ஆகவே அதனைக் கண்டு வியந்தால் மட்டும் போதாது. கல்வெட்டைப் படிப்பதுபோல் அதனைப் படிக்கவேண்டும். பொறிக்கப்பட்டதையும் படிக்கவேண்டும், பொறிக்காமல் விடப்பட்டதையும் படிக்கவேண்டும்.

எரிந்தவையும் எஞ்சியவையும்

ஜப்பானிய விமானங்களுள் பெயர்பெற்றது கடற்படையின் 'ஜீரோ'. மிட்சுபிஷி நிறுவனத்தின் பொறியாளர் ஜிரோ ஹொரிகோஷி வடிவமைத்தது. இவ்வொரு வகையில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட விமானங்கள் செய்யப்பட்டன. இன்று உலகம் முழுவதும் தேடினாலும் முழு உருவில் கிடைப்பவை மிகச் சிலவே. தரைப்படையின் 'ஹயாத்தே' ஏறத்தாழ 3,500 செய்யப்பட்டது. எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. பேருருவம் கொண்ட '2ஆம் வகைப் பறக்கும் படகு' 167 செய்யப்பட்டது. அதிலும் ஒன்றே எஞ்சியது.

மற்றவை எங்கே போயின? போரில் வீழ்ந்தவை போக மிஞ்சியவற்றை, 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபின், ஆக்கிரமிப்புப் படையினர் விமானத்தளங்களில் குவித்து அழித்தனர். 1952 வரை அந்நாட்டில் விமானம் செய்வதும் அதைப் பற்றி ஆராய்வதும்கூடத் தடைசெய்யப்பட்டிருந்தன. எதிரியின் தொழில்நுட்பத்தை அறியும்பொருட்டு நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களை அமெரிக்கர்கள் கப்பலேற்றிக் கொண்டுசென்றார்கள்.

ஆகவே இன்று நாம் காண்பவை பெரும்பாலும் மூன்று வழிகளில் பிழைத்தவை. பகைவன் கொண்டுபோனது ஒன்று. கடல் விழுங்கி வைத்திருந்தது இன்னொன்று. பசிபிக் தீவுகளின் காடு மூடிக் காத்தது மற்றொன்று. சொந்த மண்ணில் இருந்தவற்றுள் தப்பியவை சொற்பம். ஏட்டுச்சுவடிகள் செல்லுக்கும் நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் இரையானதுபோக, எங்கோ ஒரு வீட்டுப் பரணில் கிடந்தது மட்டும் நம் கைக்கு வந்த கதையை இது நினைவூட்டுகிறது.

மாட்டுவண்டியில் சென்ற விமானம்

கிஃபு மாநிலத்தின் ககாமிகஹாரா நகரத்து விமான, விண்வெளி அருங்காட்சியகத்திலிருந்து எங்கள் பயணம் தொடங்கியது. ஜீரோவின் முதல் மாதிரி விமானம் 1939 ஏப்ரல் 1ஆம் நாள் முதன்முதலாக வானில் எழுந்தது இவ்வூர்த் தளத்திலிருந்துதான். ஆனால் அது செய்யப்பட்டது நாகோயா நகரத்துத் தொழிற்சாலையில். தொழிற்சாலையை ஒட்டித் தகுந்த ஓடுதளம் இல்லை. எனவே பிரித்தெடுத்த பாகங்களை மாட்டுவண்டிகளில் ஏற்றி, 40 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவை இரவெல்லாம் நடந்து கடந்தார்கள். அக்காலத்தில் உலகின் மிகச் சிறந்த கப்பல்தளப் போர்விமானங்களுள் ஒன்று, தன் முதல் பயணத்தை மாட்டின் வேகத்தில் மேற்கொண்டது. லாரியில் ஏற்றினால் கரடுமுரடான சாலையில் குலுங்கி உடல் நசுங்கிவிடும் என்ற அச்சமே காரணம். ஒரு நாட்டின் தொழில்நுட்பம் அதன் சாலைகளை விட்டு எவ்வளவு தூரம் முன்னே ஓடியிருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் செய்தி வேறில்லை. இந்த ஏற்றத்தாழ்வே பின்னர் அப்போரின் முடிவையும் எழுதியது.

அதே கூடத்தில் நிற்கிறது 'ஹியென்'. பறக்கும் தகைவிலான் குருவி என்பது அதன் பொருள். கவாசாகி நிறுவனம் தரைப்படைக்குச் செய்தளித்த விமானம் இது; ஏறத்தாழ 3,000 செய்யப்பட்டன. ஜெர்மனியின் வடிவத்தைத் தழுவிய திரவக் குளிர்விப்பு எஞ்சின் இதற்குப் பொருத்தப்பட்டது. அந்த எஞ்சினுக்கு வேண்டிய நுட்பமான வேலைப்பாட்டைத் தொழிற்சாலைகள் தொடர்ந்து தரமுடியாமற்போகவே, எஞ்சின் இல்லாத விமான உடல்கள் வரிசையாகத் தேங்கி நின்றன. அவற்றுள் 275 உடல்களுக்கு வேறுவகை எஞ்சினைப் பொருத்திப் புதிய விமானமாக்கினார்கள். அவ்வகையில் எஞ்சிய ஒன்று இப்போது பிரிட்டிஷ் அரச விமானப்படை அருங்காட்சியகத்தில் உள்ளது.

ககாமிகஹாராவின் ஹியென் 1953இல் அமெரிக்கரிடமிருந்து ஜப்பானுக்குத் திருப்பித் தரப்பட்டது. பல ஆண்டுகள் சிரான் நகரில் இருந்தது. 2015இல் அங்கிருந்து எடுத்துவரப்பட்டு, கவாசாகியின் கிஃபு தொழிற்சாலையில் சீரமைக்கப்பட்டு, 2018 முதல் இங்கே நிற்கிறது. எங்களை ஈர்த்தது அச்சீரமைப்பின் முறை. போருக்குப் பின் பூசப்பட்ட வண்ணங்களை எல்லாம் நீக்கிவிட்டார்கள். புதிதாக எதையும் பூசவில்லை. அதனால் வெற்று உலோகமாக, ஆணித்தலைகளும் தட்டுகளின் இணைப்புக் கோடுகளும் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கிறது.

இதைக் கண்டபோது எங்களுக்கு நினைவுக்கு வந்தவர் உ.வே. சாமிநாதையர். சுவடியில் சிதைந்துபோன இடத்தைத் தம் புலமையால் நிரப்ப அவரால் இயலாதா? இயலும். ஆயினும் சிதைந்த இடத்தைச் சிதைந்ததாகவே புள்ளியிட்டுக் காட்டினார். பதிப்பாசிரியனின் நேர்மை அது. வண்ணம் பூசி அழகுபடுத்திய விமானம் கண்ணைக் கவரும். ஆனால் எது மூலம், எது பிற்காலத்தார் கைவண்ணம் என்று பிரித்தறிய முடியாது. அது இடைச்செருகல் மிகுந்த பதிப்பு. உலோகத்தோடு நிற்கும் ஹியென் நல்ல பதிப்பு.

பூவின் பெயரால்

இவ்விமானங்களின் பெயர்களைப் பற்றி இங்கே ஒரு சொல். ஹயாத்தே என்றால் சூறைக்காற்று. 'சுய்செய்' என்றால் வால்மீன். 'கெக்கோ' நிலவொளி. 'ஷிடென்' ஊதா மின்னல். கடற்படையில் இப்பெயரீட்டுக்கு ஓர் ஒழுங்கே இருந்தது. குண்டுவீச்சு விமானங்களுக்கு விண்மீன்களின் பெயர். இரவுப் போர்விமானங்களுக்கு ஒளியின் பெயர். திரும்பி வராத தாக்குதலுக்கென்றே செய்யப்பட்டவற்றுக்குப் பூக்களின் பெயர்.

அத்தகைய பூக்களுள் ஒன்று 'ஒக்கா', அதாவது செர்ரிப் பூ. உண்மையில் அது விமானம் அன்று. மனிதன் அமர்ந்து செலுத்தும் குண்டு. மூக்கில் 1,200 கிலோ வெடிபொருள் வைத்து, தாய் விமானத்தின் வயிற்றில் தொங்கவிட்டுக் கொண்டுசென்று, இலக்குக்கு அருகில் விடுவிப்பார்கள். 1945 மார்ச் 21ஆம் நாள் முதன்முறை அதனைக் களமிறக்கியபோது, கனோயா தளத்திலிருந்து சென்ற 18 தாய் விமானங்களுள் ஒன்றும் திரும்பவில்லை. இலக்கை நெருங்கும் முன்பே எல்லாம் வீழ்த்தப்பட்டன. ஒரு தரப்பு செர்ரிப் பூ என்று அழைத்த இதற்கு மறுதரப்பு இட்ட பெயர் 'பாக்கா'. ஜப்பானிய மொழியில் முட்டாள் என்று பொருள்.

வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை எனப் போருக்குப் பூக்களின் பெயரிட்ட மொழியில் பிறந்த நாம் இதனை எளிதில் புரிந்துகொள்வோம். எளிதில் மயங்கியும் போவோம். இரு படையும் ஒருவரையொருவர் அழித்து மடியும் போருக்குத் தும்பை என்று பெயரிட்ட கவித்துவம் நமக்குப் பெருமையாக இருக்கிறது. அக்கவித்துவம் ஓர் அரசின் கையில் ஆயுதமாக மாறும்போது இருபது வயது இளைஞனை அது எங்கே கொண்டு நிறுத்தும் என்பதற்கு ஒக்காவே சான்று.

சிரானின் கடிதங்கள்

கியூஷூ தீவின் தெற்கே, தேயிலைத் தோட்டங்களின் நடுவே உள்ளது சிரான். 1945இல் ஒகினாவாவைக் காக்கும் பெயரில் தரைப்படை நடத்திய தற்கொலைத் தாக்குதலுக்கு முதன்மைத் தளம் இதுவே. இன்று அங்கே ஓர் அமைதி அருங்காட்சியகம் இருக்கிறது. செல்லும் சாலையின் இருமருங்கிலும் கல்விளக்குகள். உள்ளே, அத்தாக்குதல்களில் மாண்ட 1,036 பேரின் ஒளிப்படங்கள். அவர்களுள் 439 பேர் சிரானிலிருந்து கிளம்பியவர்கள். பெரும்பாலோர் 20 வயதை ஒட்டியவர்கள். ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த கொரியாவில் பிறந்தவர்களும் அவர்களுள் உண்டு.

இங்குள்ள விமானங்கள் மூன்று விதமாகப் பேசுகின்றன. ஒன்று, மேலே கூறிய ஒரே ஹயாத்தே. பிலிப்பைன்ஸில் அமெரிக்கர் கைப்பற்றிச் சென்றது. 1973இல் பறக்கும் நிலையில் தாயகம் திரும்பியது. அதன்பின் முறையான பேணுதல் இன்றி அந்தத் திறனை இழந்தது. பகைவன் கையில் பறந்தது, சொந்த ஊரில் பறக்காமற் போயிற்று. இரண்டாவது, கடலடியிலிருந்து 1980இல் மீட்கப்பட்ட ஜீரோ. அரித்துப்போன உடலும் எஞ்சினுமாக, எவ்வித ஒப்பனையும் இன்றிக் கிடக்கிறது. மூன்றாவது, 'ஹயபுசா' என்னும் வல்லூறு. புத்தம்புதியதாக, குறையேதும் இன்றி நிற்கும் இது, 2007இல் வெளிவந்த ஒரு திரைப்படத்துக்காகச் செய்யப்பட்ட மாதிரி. மக்கள் அதிகம் கூடி நின்றது இதன் முன்னால்தான். பொய் எப்போதும் முழுமையாக இருக்கிறது. உண்மைதான் துருப்பிடித்துக் கிடக்கிறது.

சிரானில் நம் நெஞ்சை அடைப்பவை விமானங்கள் அல்ல, கடிதங்கள். தாய்க்கு, தங்கைக்கு, இன்னும் நடை பழகாத மகளுக்கு எழுதியவை. தூரிகையால் எழுதிய அழகிய எழுத்துகள். ஆயினும் படிப்பவர் ஒன்றை மறத்தல் ஆகாது. படைமுகாமில் எழுதப்படும் கடிதம் மேலதிகாரியின் கண்ணுக்குத் தப்புவதில்லை. நாட்டுக்காக மகிழ்ந்து இறக்கிறேன் என்ற சொல்லுக்குள் எவ்வளவு மகிழ்ச்சி, எவ்வளவு கட்டாயம் என்று அளக்கும் கோல் எவரிடமும் இல்லை.

அரிதாகச் சில எழுத்துகள் அந்த வேலியைத் தாண்டி வந்துள்ளன. கெய்யோ பல்கலைக்கழக மாணவராயிருந்து விமானியான ரியோஜி உவெஹரா, 1945 மே 11ஆம் நாள் சிரானிலிருந்து ஹியெனில் புறப்பட்டு மாண்டார். வயது 22. முந்தைய இரவு ஒரு போர்ச் செய்தியாளரின் வேண்டுகோளுக்கு இணங்கி எழுதிக் கொடுத்த குறிப்பில், தாம் சுதந்திரத்தை நேசிப்பவர் என்றும், அடக்குமுறை அரசுகள் இறுதியில் தோற்றே தீரும் என்றும் அவர் தெளிவாகவே எழுதினார். தன் அரசு தோற்கும் என்று அறிந்தும், அது தோற்பதே இயல்பு என்று எழுதியும், அதன் விமானத்திலேயே ஏறிச் சென்ற அந்த மனத்தை எந்த விளக்கப் பலகை விளக்கிவிட முடியும்? ககாமிகஹாராவில் நாங்கள் கண்ட வெற்று உலோகக் குருவி, உவெஹராவைப் பற்றி எண்ணியபின் வேறொன்றாகிவிட்டது.

அருகிலுள்ள கனோயாவில் கடற்படைக்கு உரிய அருங்காட்சியகம் இருக்கிறது. எஞ்சிய ஒரே பறக்கும் படகு அங்கே திறந்தவெளியில் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அத்தளத்திலிருந்து புறப்பட்டுத் திரும்பாதவர்கள் 908 பேர்.

பெயர் சூட்டப்படாத கல்

ஷிகோகு தீவின் அயினான் என்னும் சிற்றூரில் உள்ள 'ஷிடென்-கை' எங்கள் பயணத்தில் மறக்கமுடியாதது. 1978இல் அவ்வூர் விரிகுடாவில் 40 மீட்டர் ஆழத்தில் கிடப்பது கண்டறியப்பட்டு, 1979இல் மேலே தூக்கப்பட்டது. ஜப்பானில் இருக்கும் ஒரே ஷிடென்-கை இது. முகப்பு விசிறியின் நான்கு இதழ்களும் பின்னோக்கி வளைந்துள்ளன. எஞ்சின் சுழன்றுகொண்டிருக்கும்போதே, விமானி அதனைத் தலைகுப்புற விழவிடாமல் நீர்ப்பரப்பில் இறக்க முயன்றிருக்கிறார் என்பதை அவ்வளைவே காட்டுகிறது.

1945 ஜூலை 24ஆம் நாள் நடந்த வான்போரில் அப்படையின் ஆறு விமானங்கள் திரும்பவில்லை. இது அவற்றுள் ஒன்று. ஆனால் ஆறு பேருள் இதனைச் செலுத்தியவர் எவர் என்பது உறுதிப்படவில்லை. ஆகவே ஆறு பேரின் படங்களையும் அங்கே வைத்திருக்கிறார்கள். ஒரே கல்லுக்கு ஆறு உரிமையாளர்கள். புனைந்து ஒரு பெயரைச் சூட்டியிருந்தால் கதை சுவையாக இருந்திருக்கும். அவ்வூரார் அதனைச் செய்யவில்லை. அறியாததை அறியாததாக விட்ட இந்த அடக்கம் எங்களுக்குப் பெரிதாகத் தோன்றியது.

கீழே இருந்தவர்கள்

இதுவரை கூறியவை எல்லாம் விமானத்துக்குள் இருந்தவர்களின் கதை. விமானத்துக்குக் கீழே இருந்தவர்கள் எங்கே?

ஜீரோ தன் முதல் வான்போரை 1940 செப்டம்பர் 13ஆம் நாள் நிகழ்த்தியது அமெரிக்காவுக்கு எதிராக அன்று. சீனத்தின் சோங்சிங் நகருக்கு மேலே. அப்போதைய சீனத் தலைநகரான அந்நகர் மீது 1938 முதலே ஜப்பான் குண்டுவீசி வந்தது. 1942 ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பு மீதும், 9ஆம் நாள் திருகோணமலை மீதும் வந்த தாக்குதல்களில் ஜீரோக்கள் காவலாக உடன் பறந்தன. திருகோணமலையின் சீனன்குடாவில், அன்று விமானமொன்று விழுந்து எரிந்ததாகக் கூறப்படும் எண்ணெய்க் குதத்தின் சிதைவு இன்றும் கிடக்கிறது. அதுவும் ஜப்பானிய விமானத்தின் நினைவிடமே. விமானம் மட்டும்தான் அங்கில்லை.

ஜப்பானியரும் கீழே இருந்தார்கள். ஃபுகுவோகா மாநிலத்தின் தாச்சியராய் அருங்காட்சியகத்தில், ஹகாட்டா விரிகுடாவிலிருந்து 1996இல் மீட்கப்பட்ட '97ஆம் வகைப் போர்விமானம்' உள்ளது. அவ்வூரின் மீது 1945 மார்ச் 27ஆம் நாள் அமெரிக்கர் வீசிய குண்டுகளுக்குப் பள்ளியிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பலியானார்கள். அவர்களையும் நினைவுகூர்வதால் அந்த அருங்காட்சியகம் எங்கள் மதிப்பில் ஒரு படி உயர்ந்தது.

மறப்பு என்பது ஜப்பானுக்கு மட்டும் உரியதன்று. எங்களுள் ஒருவர் முன்னரே சென்று கண்ட அமெரிக்காவின் உத்வார்-ஹேசி மையத்தில், ஹிரோஷிமா மீது அணுகுண்டு வீசிய 'எனோலா கே' பளபளவென்று நிற்கிறது. அதன் இறக்கையை ஒட்டி ஷிடென்-கை, நீர்மூழ்கியிலிருந்து ஏவுவதற்கென்று செய்யப்பட்டு எஞ்சிய ஒரே 'செய்ரன்' முதலியவை. அணுகுண்டால் மாண்டவர்களின் உடைமைகளோடு அவ்விமானத்தை வைக்க ஸ்மித்சோனியன் நிறுவனம் வகுத்த திட்டம், முன்னாள் படைவீரர்களும் அரசியலாளரும் எதிர்த்ததால் 1995இல் கைவிடப்பட்டது. அருங்காட்சியக இயக்குநர் பதவி விலகினார். 2003இல் மையம் திறக்கப்பட்டபோது, இறந்தோரைப் பற்றிய குறிப்பு இல்லையென்று எதிர்ப்பு எழுந்தது. வென்றவன் நாட்டினாலும் தோற்றவன் நாட்டினாலும் நடுகல் ஒருபக்கமே பேசுகிறது.

ஜீரோவும் ரயில் எஞ்சினும்

இறுதியாக டோக்கியோவின் யூஷூகான். போரில் இறந்தோரைத் தெய்வமாக வழிபடும் யாசுகுனி ஆலய வளாகத்தில் 1882இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் இது. போருக்குப் பின் மூடப்பட்டு 1986இல் மீண்டும் திறக்கப்பட்டது, 2002இல் விரிவாக்கப்பட்டது. உள்ளே பெரிய கூடத்தில், யாப் தீவின் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட சுய்செய் விமானமும், மேலே தொங்கும் ஒக்காவின் மாதிரியும் உள்ளன. முகப்புக் கூடத்தில் கண்ணாடிச் சுவரின் ஒளியில் ஒரு ஜீரோ நிற்கிறது. பச்சை வண்ணம் மின்ன, பழுது ஒன்றும் இன்றி நிற்கிறது.

அதே கூடத்தில் ஒரு நீராவி ரயில் எஞ்சினும் நிற்கிறது. விமானத்தைப் பார்க்க வருகிறவர் அதனை ஒருமுறை சுற்றிவிட்டுப் போய்விடுவார். தமிழர் அப்படிப் போய்விட முடியாது. 'சி 56' வகையைச் சேர்ந்த 31ஆம் எண் எஞ்சின் அது. 1936இல் ஜப்பானில் செய்யப்பட்டது. போர்க்காலத்தில் தெற்கே அனுப்பப்பட்ட 90 எஞ்சின்களுள் ஒன்று. 1943 அக்டோபர் 25ஆம் நாள் சயாம் - பர்மா ரயில்பாதையின் திறப்பு விழாவில் ஓடியது. 1979இல் தாயகம் கொண்டுவரப்பட்டு இவ்வாலயத்துக்குக் காணிக்கையாக்கப்பட்டது.

415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையைத்தான் நம்மவர் சயாம் மரண ரயில் என்கிறார்கள். அதை அமைத்த 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலருக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. கைதிகளைவிடப் பன்மடங்கு மிகுதியாகக் கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளர்களின் சாவுக்குச் சரியான கணக்கே இல்லை. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோருள் பெரும்பாலோர் தோட்டங்களில் ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த தமிழர். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் அவர்கள் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய மலேசியத் தமிழ் நாவல்கள் அக்கொடுமையைப் பதிவு செய்திருக்கின்றன. யூஷூகானின் எஞ்சின் அக்கதையைச் சொல்வதில்லை என்று வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலமாகக் குறை கூறி வருகிறார்கள்.

அந்தக் கூடத்தில் நின்றபோது எங்களுக்கு ஒன்று தெளிவாயிற்று. ஜீரோவைத் தனியே பார்த்தால் அது ஒரு பொறியியல் அற்புதம். சிரானின் படங்களோடு சேர்த்துப் பார்த்தால் அது ஒரு துயரம். அருகிலுள்ள எஞ்சினோடு சேர்த்துப் பார்த்தால்தான் அது ஒரு வரலாறு. அந்த விமானங்கள் வானைக் கைப்பற்றிக் கொடுத்ததால்தான் தரைப்படை மலாயாவையும் பர்மாவையும் பிடித்தது. பிடித்த நாடுகளை இணைக்கத்தான் அந்தப் பாதை. பாதைக்குத்தான் நம் மக்கள். இம்மூன்றையும் ஒரே சங்கிலியாகக் கோத்துப் படிக்கும் பொறுப்பு, விளக்கப் பலகை எழுதுபவரிடம் இல்லாவிட்டால், பார்வையாளரிடம் வந்து சேர்கிறது.

கல்லற்றுப் போன அந்தத் தமிழர்களுக்கு, 2020களில் காஞ்சனபுரியின் பௌத்த ஆலயம் ஒன்றின் வளாகத்தில் ஒரு கல் நாட்டப்பட்டது. அதற்கு இட்ட பெயரும் நடுகல் என்பதே. எண்பது ஆண்டுகளுக்குப் பின் வந்தாலும், வென்ற அரசுக்கோ தோற்ற அரசுக்கோ அன்றி, உழைத்து மாண்டவர்களுக்காக நிற்கும் கல் அது.

ஜப்பான் வரை செல்ல வாய்ப்பில்லாத வாசகர்கள் வருந்தவேண்டாம். தில்லியில் பாலம் விமானத்தளத்தை ஒட்டியுள்ள இந்திய விமானப்படை அருங்காட்சியகத்தில் ஓர் ஒக்கா இருக்கிறது. அடுத்தமுறை செல்லும்போது சற்று நேரம் அதன் அருகே நில்லுங்கள். எவ்வளவு சிறியது என்று வியப்பீர்கள். அதற்குள் அமர்ந்தவன் யார், அமரச் சொன்னவன் யார், அது விழவேண்டிய இடத்தில் இருந்தவன் யார் என்ற மூன்று வினாக்களையும் கேளுங்கள். மூன்றுக்கும் விடை தேடியவரே அந்த நடுகல்லைப் படித்தவர் ஆவார்.